"ரெண்டு இன்ச்" எது, 50 மி.மீ. எது: டிரெய்லர் சாமான் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்தில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறீர்கள். ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறீர்கள். வருகிற தைப்பூசத்துக்குப் பினாங்குத் தீவில் தண்ணீர்மலை பக்கம் போடும் தண்ணீர் பந்தலுக்காக அண்டா, கேஸ் தோங் (சிலிண்டர்), தண்ணீர் டிரம் எல்லாம் ஏற்றிப்போக ஒரு பழைய ஒற்றை அச்சு டிரெய்லர் வாங்கியிருக்கிறீர்கள். இணையத்தில் "ரெண்டு இன்ச் செட்" என்று போட்டிருந்ததைப் பார்த்து வண்டியில் செருகும் தண்டு, அதன் மேல் டிரெய்லரை மாட்டும் உருண்டை, தண்டைப் பூட்டும் பின் மூன்றும் சேர்த்து வரவழைத்தீர்கள். தண்டு ரிசீவருக்குள், அதாவது வண்டியின் பின்னால் இருக்கும் சதுரக் குழாய்க்குள், பாதியிலேயே நின்றுவிட்டது. உருண்டை மேல் டிரெய்லர் மூக்கில் இருக்கும் கப்ளர் உட்காருகிறது, ஆனால் கைப்பிடி மூடவில்லை. "சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் மூடிவிடும்" என்று ஒருவர் சொன்னாராம். தட்டலாமா, வேறு எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

தட்டாதீர்கள். சுத்தியலால் மூடிய கப்ளர் மூடியது மாதிரி தெரியும், உள்ளே இருக்கிற பூட்டு நாக்கு தன் இடத்துக்கு வந்திருக்காது. அதை நம்பி 200 லிட்டர் டிரம் ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் ஏறக் கூடாது. ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, அதனால் தீவுக்கு நீங்கள் பாலம் வழியாகத்தான் போயாக வேண்டும். பழைய பாலமே 13.5 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் கடல் மேல், பக்கக் காற்றில்.

உங்கள் இரண்டு சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான்: 0.8 மில்லிமீட்டர். இரண்டு அங்குலம் என்றால் 50.8 மி.மீ. அமெரிக்க அளவில் செய்த சாமான் அது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா அளவில் உருண்டை சரியாக 50 மி.மீ. நம் ஊரில் இரண்டும் கலந்து கிடைக்கிறது, கடையில் இரண்டையுமே "ரெண்டு இன்ச்" என்றுதான் சொல்கிறார்கள். அது போதாதென்று, "ரெண்டு இன்ச்" என்பது சில சமயம் உருண்டையின் குறுக்களவு, சில சமயம் ரிசீவரின் சதுரத் துவாரம். ஒன்றை நினைத்துக் கேட்டால் இன்னொன்று வரும். அதனால் என் பழக்கம், கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதே இல்லை. மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பேன்.

ரிசீவரை முதலில் பார்ப்போம். துவாரத்தின் உள்ளளவை வெர்னியர் அளவுகோலால் எடுங்கள். மேலிருந்து கீழ் ஒரு முறை, இடமிருந்து வலம் ஒரு முறை, பிறகு உள்ளே கை எட்டும் ஆழத்தில் இன்னொரு முறை. அமெரிக்க ரிசீவர் குழாய் வெளியே 63.5, சுவர் 6.35 தடிப்பு, ஆக உள்ளே 50.8 வரும். உள்ளே ஓடும் வெல்டிங் கோட்டையும் அவர்கள் எடுத்துவிடுவார்கள். இங்கே பட்டறையில் செய்த டோபாராக (ரிசீவரைத் தாங்கும் இழுவைச் சட்டம்) இருந்தால் பெரும்பாலும் 60க்கு 60 சதுரக் குழாய், 5 மி.மீ. தடிப்பு. 60இலிருந்து இரண்டு பக்கமும் 5 கழித்தால் உள்ளே சரியாக 50, அதற்குள்ளும் வெல்டிங் கோடு ஒரு மேடாக நிற்கும். 50.8 தண்டு அதில் எப்படிப் போகும்? உள்ளே பெயின்ட் கட்டியாக இருந்தோ துரு ஏறியோ தடுத்தால் சுரண்டி எடுங்கள், தவறில்லை. இரும்பையே கிரைண்டரில் தேய்த்துத் தண்டை ஒல்லியாக்குவது வேண்டாம். தண்டின் மேல் போட்டிருக்கிற எடை எண் முழுத் தடிப்புக்குத்தான் பொருந்தும். அளந்ததில் உள்ளே 50 தான் என்று தெரிந்தால், எடைத் தகடு அடித்த நல்ல டோபார் ஒன்றுக்கு மாறுவதே என் யோசனை. டோபார் மாற்றுவது, டிரெய்லர் பதிவு இரண்டையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டு காசு செலவு செய்யுங்கள்.

பின் செருகும் துவாரத்தையும் மறக்க வேண்டாம். இரண்டு அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குலப் பின், அதாவது 15.9 மி.மீ. ரிசீவர் வாயிலிருந்து பின் துவாரத்தின் நடு வரைக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். உங்கள் ரிசீவரில் ஒரு முறை, வாங்கப்போகும் தண்டில் ஒரு முறை அளந்து பாருங்கள். தூரம் சரியில்லாவிட்டால் தண்டின் வளைவு டோபாரில் இடிக்கும், பின் உள்ளே போகாது.

இப்போது உருண்டை. புதிய உருண்டையின் தலையிலேயே அளவும் எடையும் பொறித்திருப்பார்கள். கப்ளரின் மேலும் பொறித்திருக்கும், பழையதென்றால் துருவும் பெயின்ட்டும் மூடியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள், எழுத்து வரும். உங்கள் கப்ளரில் "50" என்று இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் நீங்கள் வாங்கிய 50.8 உருண்டை மேல் அது மூடாது, மூடவும் கூடாது.

வெர்னியர் இல்லையென்றால் ஒரு தாள் நாடாவை உருண்டையின் நடு வயிற்றில் இறுக்கமாகச் சுற்றி, சேரும் இடத்தில் குறி போட்டு, பிரித்து டேப்பில் அளந்து பாருங்கள். 149.6 வந்தால் அது 1 7/8 அங்குல உருண்டை. 157 என்றால் 50 மி.மீ. 159.6 என்றால் இரண்டு அங்குலம். 184 தாண்டினால் 2 5/16 அங்குலம். நூல் வேண்டாம், நூல் இழுபடும். தாள் இழுபடாது.

மூடாத கப்ளருக்கு நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். அது "நான் பொருந்தவில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. எனக்குப் பயம் தருவது அழகாக மூடிக்கொள்ளும் தப்பான ஜோடிதான். பல வருடங்களுக்கு முன், பிறையில் வேலை பார்த்தபோது, இரவல் வாங்கிய ஒரு டிரெய்லரை மாட்டினேன். கப்ளர் 50. என் வண்டியில் இருந்தது 1 7/8, அதாவது 47.6. கைப்பிடி கச்சிதமாக மூடியது, பூட்டும் விழுந்தது. ஒரு தமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கியபோது கப்ளர் உருண்டையை விட்டுக் கழன்றது. சங்கிலி பிடித்துக்கொண்டது, டிரெய்லரின் மூக்கு வந்து என் பின்கதவில் மோதியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அன்று சங்கிலி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஒரு சோதனை செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள். கப்ளரைப் பூட்டியதும், டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்ன முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து ஓர் அங்குலமாவது எழும்ப வேண்டும். உருண்டையைத் தாண்டிக் கப்ளர் மட்டும் மேலே வந்தால் பூட்டு விழவில்லை, அல்லது அளவு தப்பு. இரண்டு நிமிட வேலை இது.

பழைய உருண்டையை இரண்டு திசையில் அளக்க வேண்டும். இழுப்பும் பிரேக்கும் முன்பின்னாகவே தேய்ப்பதால் அது முட்டை வடிவமாகும். முன்பின் அளவும் பக்கவாட்டு அளவும் அரை மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலே நான் மாற்றிவிடுவேன். 60, 70 வெள்ளிக்காக அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உருண்டைக்குக் கீழே இருக்கிற தண்டையும் பாருங்கள், அதைக் கவனிப்பவர்கள் குறைவு. முக்கால் அங்குலம், ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று வரும். ஆஸ்திரேலிய உருண்டையில் 7/8 அங்குலமும் உண்டு. உருண்டையை மாட்டும் ஓட்டை பெரிதாகவும் உருண்டையின் தண்டு சிறிதாகவும் இருந்தால் வாஷர் வைத்துச் சமாளிக்கிறார்கள். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டைக்குள் தண்டு ஆடும், ஆடினால் நட்டு தளரும். இறுக்கமும் சாதாரண கை இறுக்கம் போதாது. ஓர் அங்குலத் தண்டுக்கு 340 நியூட்டன் மீட்டர் அளவு வேண்டும். லோரி டயர்க் கடையில் டார்க் ஸ்பேனர் வைத்திருப்பார்கள், அங்கே கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

எடை எண்ணில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆஸ்திரேலிய 50 மி.மீ. உருண்டையில் 3500 என்றால் கிலோ. முக்கால் அங்குலத் தண்டு வைத்த அமெரிக்க உருண்டையில் 3500 என்றால் பவுண்டு, அதாவது 1588 கிலோ. எண் ஒன்றுதான், தாங்கும் சுமை பாதிக்கும் குறைவு. பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அப்புறம் வண்டிப் புத்தகத்தில் உள்ள இழுவை எடை, டோபார் தகடு, தண்டு, உருண்டை, கப்ளர், அச்சு, டயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் கிலோவாக மாற்றி எழுதுங்கள். அதில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் எடை. கப்ளர் 750 கிலோ என்றால், உருண்டை 3500 கிலோ தாங்கினாலும் நீங்கள் 750க்கு மேல் போகக் கூடாது.

உயரத்தை எப்போது அளப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஹைலக்ஸ் உயரமான வண்டி. டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்து, மூக்கைச் சரியாக நிமிர்த்துங்கள். தரையிலிருந்து கப்ளரின் அடி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியில் ரிசீவர் துவாரத்தின் உள் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்டு கீழே இறங்க வேண்டிய அளவு. வெறும் வண்டியில் 520 என்று வந்து, கப்ளர் 430 என்றால் 90 மி.மீ. இறக்கம் வாங்கத் தோன்றும். ஆனால் பின்னால் அரிசி மூட்டையும் இரண்டு ஆளும் ஏறி, டிரெய்லர் மூக்கும் அழுத்தும்போது அது 490க்கு வந்துவிடும். தேவை 60 தான். வேலைக்குப் போகும் நாளில் எப்படி ஏற்றுவீர்களோ அப்படியே ஏற்றிவிட்டு அளப்பதுதான் முறை. மூக்கு மேலே தூக்கி நின்றால் டிரெய்லர் பின்னால் ஆடும், கீழே குனிந்து நின்றால் வண்டியின் பின் அச்சுக்குத் தேவையில்லாத சுமை.

மூக்குக் கனம் என்று சொல்வது கப்ளர் உருண்டையை அழுத்தும் எடை. ஐரோப்பாவில் மொத்த டிரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. உங்கள் மாதிரி ஹைலக்ஸில் ஒற்றை அச்சு இழுப்பவருக்கு 10ஐ ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன், டோபார் தகட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் மிஷினே போதும். கனம் அதன் அளவைத் தாண்டுமென்றால் ஒரு கனமான பலகை எடுங்கள். ஒரு முனைக்குக் கீழே குழாய், மறுமுனைக்குக் கீழே மிஷின், இரண்டுக்கும் இடையே 90 செ.மீ. குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு கட்டை நிறுத்தி அதன் மேல் கப்ளரை இறக்குங்கள். மிஷின் காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் மூக்குக் கனம். பலகையும் கட்டையும் மட்டும் இருக்கும்போது மிஷின் காட்டும் எண்ணை முதலில் பார்த்துக்கொண்டு, பெருக்குவதற்கு முன் கழித்துவிடுங்கள்.

உங்கள் சுமை தண்ணீர் என்பதால் இதில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் டிரம் ஒன்று 200 கிலோ, டிரம் கனம் தனி. அச்சிலிருந்து கப்ளர் வரை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரம்மை வெறும் 30 செ.மீ. முன்னே தள்ளினால் மூக்குக் கனம் 20 கிலோ கூடுகிறது, பின்னே தள்ளினால் 20 கிலோ குறைகிறது. அதனால் டிரம் எங்கே நிற்க வேண்டும் என்று தளத்தில் பெயின்ட்டால் வட்டம் போட்டுவிடுங்கள், ஏற்றுகிற பையன்கள் யாராக இருந்தாலும் இடம் மாறாது. பாதி நிரம்பிய டிரம் மிக மோசம். பிரேக் பிடித்தால் தண்ணீர் முன்னே பாயும், திரும்பினால் பக்கத்துக்குப் பாயும். முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோய்ப் பந்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன்.

இடைவெளிகளையும் பார்க்க வேண்டும். டிரெய்லரை மாட்டிவிட்டு ஹைலக்ஸின் பின்கதவை இறக்கிப் பாருங்கள், முன்சக்கரக் கைப்பிடியில் இடிக்கிறதா என்று. காலி மைதானத்தில் முழுத் திருப்பம் திருப்பி, பம்பர் ஓரத்துக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் எவ்வளவு மிச்சம் என்று ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதை வளைவில் இது தெரிந்தால் பயனில்லை. முன்சக்கரக் குழாய் புதிதாக வாங்குவதென்றால் கிளாம்பின் உள்ளளவை எடுங்கள். ஐரோப்பிய வகையில் 48 மி.மீ. அதிகம், ஆனால் 42உம் உண்டு.

ஸ்பேர் டயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஹைலக்ஸ் ஸ்பேரையே போடலாமா என்று. ஹைலக்ஸ் ரிம் ஆறு நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் குறுக்களவு 139.7 மி.மீ. டிரெய்லரில் ஐந்து நட்டு என்கிறீர்கள், அப்படியானால் ஏறாது. ஐந்து நட்டில் நேர் எதிர் நட்டு இல்லாததால் வட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டின் நடுவிலிருந்து நடு வரை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 67.2 வந்தால் 114.3, 63.5 வந்தால் 108. பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாஃப்-கட் கடையில் இரண்டு வகை ரிம்மும் குவிந்து கிடக்கும், கண்ணால் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். நட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஏறவும் ஏறும், ஓடும்போது தளர்ந்துவிடும். டயரில் சுமை எண்ணைப் பாருங்கள்: 185 ஆர் 14 சி டயரில் 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ. பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 3519 என்றால் 2019ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. பழைய டிரெய்லரில் பூ அழியாத டயர் இருக்கிறதே என்று மகிழாதீர்கள், வெயிலில் நின்றே செத்திருக்கும்.

பேரிங்கை ஊகித்து வாங்காதீர்கள், கழற்றி உள்வளையத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல் 44643, எல் 44649 என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் வெளிக் கிண்ணம் ஒன்றே, எல் 44610. அதனால் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூடு) இரண்டுமே அழகாக உட்காரும். உள் துவாரம்தான் வேறு: ஒன்று 25.4, இன்னொன்று 26.99. 25.4 அச்சில் 26.99 போட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம். கையில் சக்கரத்தைச் சுற்றும்போது தெரியாது, சுமையில்தான் தெரியும். அச்சின் முனையையும் வெர்னியரில் பிடித்துப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

விளக்குக்கு ஏழு பின் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஐஎஸ்ஓ வட்டப் பிளக்கில் 5 வலது பின்விளக்கு, 7 இடது பின்விளக்கு. ஆஸ்திரேலியத் தட்டைப் பிளக்கில் பின்விளக்கு முழுவதும் 7இலேயே வரும், 5 பிரேக் யூனிட்டுக்கு. பிளக்கை மட்டும் மாற்றி, நிறத்துக்கு நிறம் ஒயரைச் சேர்த்தால் தப்பான இடத்தில் எரியும். டெஸ்ட் விளக்கு வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். டிரெய்லர் அமெரிக்க முறையில் செய்ததாக இருந்தால் சிக்னலும் பிரேக்கும் ஒரே சிவப்பு விளக்கில் இருக்கும், நம் வண்டிகளில் சிக்னல் தனி. அதற்கு நடுவில் ஒரு கன்வெர்ட்டர் தேவைப்படும்.

சங்கிலி இரண்டு வேண்டும், மூக்குக்குக் கீழே குறுக்காகப் போட வேண்டும், அப்போது கப்ளர் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். முழுத் திருப்பத்தில் இழுபடாத நீளம் போதும், தரையில் உரசக் கூடாது. சங்கிலியை டோபாரில் மாட்டும் ஷேக்கிள் வாங்கும்போது எடை பொறித்ததையே வாங்குங்கள்: 3.25 டன் ஷேக்கிளில் உடல் 16 மி.மீ., பின் 19 மி.மீ. அந்த 19 பின் உங்கள் டோபார் ஓட்டைக்குள் போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். போகவில்லை என்பதற்காக எண் இல்லாத சின்ன ஷேக்கிளுக்கு இறங்கிவிடாதீர்கள்.

இப்போதைக்கு வாங்கிய செட்டைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பப் பாருங்கள், கீறல் விழுவதற்கு முன். கப்ளரைத் தேய்த்து எண்ணைப் படித்து, ரிசீவரை அளந்து எழுதுங்கள். ஏற்கெனவே யாராவது கப்ளரில் சுத்தியல் போட்டிருந்தால் அந்தக் கப்ளரையே மாற்ற வேண்டும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே, முழுச் சுமையோடு ஜூரு வரை ஒரு தடவை போய்வாருங்கள். ஐந்து கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி உருண்டை நட்டு, சக்கர நட்டு எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பேரிங்கைத் திறக்காமல் பாலம் ஏற வேண்டாம்.